எருமைக்கும் எருமைக்கும் மூன்று கிலோமீட்டர்

போன புதன்கிழமை காலை. வாயில் பிரஷ். வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம்.

"வக்கீல் சார் கீறாரா?"

பக்கத்து வீட்டைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் இருப்பவர் எலெக்ட்ரீஷியன். எதிர் வீட்டில் யாருமே இல்லை, ஒரு நாய்தான் படுத்திருக்கும். ஆக... மிச்சம் நான்தான்.

நுரையோடு எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு. அவருடைய பக்கத்து வீட்டுக்காரனுடைய ஆடாம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நிச்சயதார்த்தப் புடவையில் பாதியைத் தின்றுவிட்டதாம்.

"ஆட்டுக்காரன் மேல கேஸ் போடணும் சார். எவிடன்ஸ கையோட புடிச்சிக்கினு வந்துட்டேன்."

"ஐயா, நான் வக்கீல் இல்லைங்க."

"தெரியும் சார். வக்கீல் இல்லாமலே கம்பெனிக்காரன ஜெயிச்சீங்களாமே? அதான் வந்தேன்."

ஒரு டீ கொடுத்து, நிஜமான வக்கீல் ஒருவரின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பி வைத்தேன். எவிடன்ஸ் எங்கள் செம்பருத்திச் செடியை முடித்துவிட்டுத்தான் கிளம்பியது.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது? வாராவாரம் என்னைப் படிக்கிற நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் பல மாதங்கள் நான் பல்வலி, மழை, கொசு என்று யாருக்கும் வம்பில்லாத சங்கதிகளாகவே எழுதிக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. வழக்கு முடிகிறவரை வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது என்று தடை உத்தரவு. போட்டது கோர்ட் இல்லை. எஸ்தர். என் மனைவி.

இப்போது வழக்கு முடிந்துவிட்டது. சொல்லலாம். கம்பெனியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் — சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கன்னட எல்லைக்குள் இருக்கிற எங்கள் தமிழ் ஊரில் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எல்லாருக்கும் ஷிஃப்ட் பெங்களூரில்தான். விடிவதற்குள் ரயில் ஏறினால் இருட்டிய பிறகு வீடு. எஸ்தரும் அப்படித்தான் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். போகும்போது நின்றுகொண்டு, வேலையில் நின்றுகொண்டு, வரும்போதும் நின்றுகொண்டு. ஒருநாள் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியவள் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. நானும் என் மாமனாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆட்டோவில் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே நான் ட்ரெயின் ஏற மாட்டேன்."

ஏறவில்லை. பிறகுதான் மோமோ வந்தது.

மோமோ தெரியும்தானே? மாவுக்குள் கறியையோ காய்கறியையோ வைத்து ஆவியில் வேகவைப்பது. என் மாமனார் முதல் வாய் தின்றுவிட்டுச் சொன்னார்: "இன்னா மாப்ள, கறி கொழுக்கட்டை. இதுக்கா ஒரு கம்பெனி?"

ஆமாம், இதற்குத்தான் ஒரு கம்பெனி. பெங்களூரில் ஆபீஸ். பெயர்ப் பலகையில் கூலிங் கிளாஸ் போட்ட யாக் ஒன்று — இமயமலையில் இருக்குமே, சடை மாடு, அது — கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும். மாட்டுக்கு ஏது கட்டை விரல் என்று நான் கேட்கவில்லை. ஃபிரான்சைஸ் எடுக்கிறவர்கள் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. அவர்களுடைய பெயர், அவர்களுடைய ஸ்டீமர், அவர்களுடைய சட்னி பாக்கெட். நம்முடைய கடை, நம்முடைய உழைப்பு.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் ஏரியா மேனேஜர் வந்தார். வாசனையான மனிதர். விரலால் காற்றில் பெரிய வட்டம் போட்டார்.

"மூணு கிலோமீட்டர் ரேடியஸ் சார். அதுக்குள்ள எங்க கம்பெனி இன்னொரு அவுட்லெட் திறக்காது. இந்த வட்டத்துக்கு நீங்கதான் ராஜா."

ராஜா கையெழுத்துப் போட்டார். ராணி கடைக்குப் போனாள். ரேஷன் கார்டு முதல் கேஸ் கனெக்‌ஷன் வரை எல்லாம் என் பெயரில் இருந்ததால் இதுவும் என் பெயரிலேயே ஆகிவிட்டது. அதனால் பின்னால் என்ன பாடுபடப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

கடை நன்றாக ஓடியது. கோரமண்டலில் அந்த யாக்கை யாரும் யாக்காக மதிக்கவில்லை. எருமை என்றே முடிவு செய்துவிட்டார்கள். "எருமைக் கடையில ரெண்டு பிளேட் வாங்கினு வா." சர்ச் விட்டு வருகிறவர்கள், ரயிலில் இறங்குகிறவர்கள், டியூஷன் முடித்த பிள்ளைகள்... எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். அவள் உட்கார்ந்து வேலை செய்ததை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அப்புறம் ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் வந்து சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க இன்னொரு கடைல காரம் கம்மி."

"இன்னொரு கடையா?"

"அதான், மேட்டுக்கு அந்தாண்ட. ஸ்கெலட்டன் ஏரியாவுக்குப் போற ரோட்ல. எருமைக்கு லைட்டெல்லாம் போட்டு இருக்காங்களே..."

எஸ்தர் ஸ்டீமரை அணைத்தாள். ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள்.

எங்கள் ஊரில் சுரங்கத்துக் கழிவு மண் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். சயனைடு மேடு என்போம். ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் நின்றோம். அதே பலகை. அதே கூலிங் கிளாஸ். சுற்றிலும் பச்சையும் சிவப்புமாக சீரியல் லைட். எங்கள் எருமை ஏழை. இது பணக்கார எருமை.

உள்ளே முப்பது வயதுப் பையன் ஒருவன். "வாங்கக்கா, வெல்கம்! வெஜ்ஜா, சிக்கனா?"

எஸ்தர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுடைய இரண்டு மோமோ ஆறிப்போயிருக்கும்.

கம்பெனிக்கு போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எல்லாவற்றையும் அழுத்தினேன். கடைசியில் ஏரியா மேனேஜர் கிடைத்தார்.

"மேப்ல பாருங்க சார். ரோடு வழியா மூணு கிலோமீட்டருக்கு மேலயே காட்டுது."

"ரேடியஸ் என்றால் நேர்க்கோடு இல்லையா?"

"மோமோ நேர்க்கோட்டுல பறந்தா சார் போகுது? ரோட்லதான போகுது?"

வைத்துவிட்டார். பதில் எனக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனோம். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "கேஸ் இருக்கு. ஆனா முடியறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். பரவாயில்லையா?" என்றார். உற்சாகப்படுத்துகிற மாதிரி இல்லை.

வெளியே வந்ததும் எஸ்தர் கேட்டாள்: "வாராவாரம் ஊர்ல கீற எல்லாரப் பத்தியும் எழுதறீங்க இல்ல? இத நீங்களே எழுதினா இன்னா?"

எழுத்தாளனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. கேட்டால் ஒப்புக்கொண்டுவிடுவான்.

தன் வழக்கைத் தானே நடத்தலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. பார்ட்டி இன் பர்சன் என்று பெயர். தகராறு வந்தால் கடை இருக்கிற ஊர்க் கோர்ட்டில்தான் என்று கம்பெனியே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது — தகராறு வரும் என்று நினைக்காதவர்கள் எழுதுகிற வரி. உட்கார்ந்து ஒரே மூச்சில் மனுவை எழுதினேன். பிரமாதமாக வந்திருந்தது. நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

கோர்ட் ஆபீஸில் ஒரு கிளார்க் அம்மா வாங்கிப் படித்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"சார்... 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில்'னு ஆரம்பிக்குது."

"ஆமாம் மேடம்."

"மழைய எவிடன்ஸ்ல காட்டப் போறீங்களா?"

"இல்லை..."

"அப்ப எடுத்துடுங்க. அப்புறம் எதுக்கு சார் இத்தனை கேள்விக்குறி? கேள்வி கேக்கறது கோர்ட்டு. நீங்க சொல்றதுக்குத்தான் வந்திருக்கீங்க. இந்தப் புள்ளி புள்ளியா கீதே, இது இன்னா?"

"அது... ஒரு தயக்கம்."

"தயக்கமா இருந்தா கேஸ் போடாதீங்க சார்."

இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்கு இவ்வளவு நேர்மையான விமர்சனம் வந்ததில்லை. மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை, மழை இல்லை, தயக்கம் இல்லை, ராஜா இல்லை. சட்டம் கேட்கிற மாதிரி வறவறவென்று, கம்பெனி கொடுத்த வாக்கை மீறிவிட்டது, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற கடையை நிறுத்த வேண்டும் என்று மட்டும் இருந்தது. வாங்கிக்கொண்டார். முதல் பிரதிவாதி கம்பெனி. இரண்டாவது பிரதிவாதி, மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரன் கௌதமன்.

முதல் வாய்தா. ஜட்ஜ் ஒரு அம்மா. கன்னடம் பேசுகிறவர். எனக்குக் கன்னடம் வரும் — காய்கறிக் கடை வரைக்கும். கோர்ட் வரைக்கும் வருமா என்று அன்றுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"நிம்ம தூரு ஏனு?" என்று கேட்டார் ஜட்ஜ்.

தூரம் எவ்வளவு என்றுதானே கேட்கிறார்? வழக்கே அதுதானே? நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார், கெட்டிக்காரர் என்று மகிழ்ந்து கம்பீரமாகச் சொன்னேன்: "மூரு கிலோமீட்டர் ஒளகே, மேடம்!"

கோர்ட் மொத்தமும் சிரித்தது. கன்னடத்தில் தூர என்றால்தான் தூரம். தூரு என்றால் புகார். உன் புகார் என்ன என்று கேட்டவரிடம், மூன்று கிலோமீட்டருக்குள் என்று சொல்லியிருக்கிறேன். ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தப் பேனா ஆடியது.

"மோமோ அந்த்ரெ... கடுபா?" என்று அடுத்த கேள்வி. கன்னடத்தில் கடுபு என்றால் கொழுக்கட்டை; மோமோ என்றால் கொழுக்கட்டையா என்கிறார். பார்வையாளர் பெஞ்சிலிருந்து என் மாமனார், "நான் அப்பவே சொன்னேன்!" என்றார்.

மாமனாரை அறிமுகப்படுத்த வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூமிக்குக் கீழே போகாத ஒரு காரியத்தையும் அவர் முழுசாக நம்புவதில்லை. எங்கள் வழக்குக்கு என்னைவிட அவர்தான் ஆர்வமாக வந்தார். ஒரு வாய்தாகூட விட்டதில்லை.

கம்பெனிக்கு பெங்களூரிலிருந்து ஒரு வக்கீல் வருவார். கறுப்புக் கோட்டில் சுருக்கம் இருக்காது. இரண்டாவது வாய்தாவில் அவர் ரோடு மேப்பை நீட்டி, "தூரத்தை மனிதர்கள் போகிற வழியாகத்தான் அளக்க வேண்டும். காக்கை போகிற வழியாக அல்ல" என்று அழுத்தமாக வாதாடினார்.

மாமனார் எழுந்துவிட்டார். "அம்மா, ஒரு விஷயம் சொல்லலாமா? மனுஷன் போற வழின்னா மேல மட்டும் இல்லீங்க. கீழயும் கீது. அந்தக் கடை பக்கத்துல கீற ஷாஃப்ட் குழியில கேஜ் லிஃப்ட் ஏறி எறங்கினா, அடியில கீற லெவல் பாதை வழியா நேரா இவங்க கடை கிட்ட வந்துடலாம். நான் நடந்துகீறேன்."

"உட்காருங்க மாமா" என்று கெஞ்சினேன். ஆனால் ஜட்ஜுக்கு ஆர்வம் வந்துவிட்டது. தமிழும் தெரியும்போல.

"இப்ப போக முடியுமா?"

"இப்ப ஃபுல்லா தண்ணி கீதுங்கம்மா. நீஞ்சிக்கினுதான் போகணும்."

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, நீச்சலுக்குத் தன் கட்சிக்காரர் ஆட்சேபம் தெரிவிப்பதாகச் சொன்னார். அவரும் மனிதர்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் கௌதமன். பெஞ்சின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நாங்கள். அவன் தும்மினால்கூட எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனுக்கும் எங்கள் மேல் கோபம்தான். பிழைக்க வந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டோமே! சம்மன் போன அன்று கடைக்கே போன் செய்து, "சும்மா ஒரு கடை வெச்சதுக்கு கேஸா? நீங்கல்லாம் பெரிய மனுஷங்களா சார்?" என்று கேட்டான். பெரிய மனுஷன் போனை வைத்தார்.

ஜட்ஜ் ஒரு முடிவுக்கு வந்தார். நேரில் போய் அளந்து அறிக்கை கொடுக்க ஒரு கமிஷனரை நியமித்தார். போலீஸ் கமிஷனர் இல்லை. கோர்ட்டின் சார்பில் போகிற ஓர் இளம் வக்கீல். இரண்டு தரப்பும் கூட இருக்க வேண்டும்.

அளக்கிற நாளன்று எங்கள் கடை முன்னால் தேர்த் திருவிழாக் கூட்டம். கமிஷனர் போனில் நேர்க்கோட்டுத் தூரத்தை எடுத்துக்கொள்வார். கம்பெனி வக்கீல் ரோட்டுத் தூரத்தைத் தன் காரின் மீட்டரில் எடுப்பேன் என்றார். வழி தெரியாதே? "நான் கீறேன் சார்" என்று மாமனார் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

நாங்கள் கமிஷனரோடு கௌதமன் கடைக்குப் போய்க் காத்திருந்தோம். காத்திருந்தோம்... கார் வரவே இல்லை. மாமனார் அவரை ஒவ்வொரு பழைய ஷாஃப்டாகக் காட்டிக்கொண்டு, ரயில் தண்டவாளமே முடிந்துபோகிற மாரிகுப்பம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்! போனில் வக்கீலின் குரல் கேட்டது: "ஐயா, மோமோ கடைக்குப் போகலாமா?" மாமனாரின் குரலும் கேட்டது: "இருங்க சார். இவ்ளோ தூரம் வந்துட்டு இத்த பாக்காம போனா எப்படி?"

அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் மாறியது.

வெயில். கமிஷனர் ஒரு நாற்காலியில். எஸ்தர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கௌதமன் அதைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தான். எஸ்தரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

கமிஷனர் பொழுது போகாமல் அவனைக் கேட்டார்: "ஏம்ப்பா, இங்க வேற கடை இருக்குன்னு தெரிஞ்சே எடுத்தியா?"

அவ்வளவுதான். அவன் வெடித்துவிட்டான்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் பெங்களூர்ல நைட் ஷிஃப்ட்ல இருந்தேன். ஊர்ப் பக்கம் வர்றதே ஞாயித்துக்கிழமைதான். மேனேஜர் வந்து கையால இப்டி வட்டம் போட்டான். மூணு கிலோமீட்டர் ரேடியஸ்க்குள்ள யாருக்கும் குடுக்க மாட்டோம், நீதான் கிங்குன்னு சொன்னான். அக்ரிமென்ட்லயும் கீது. வந்து கடை தெறந்தா, மேட்டுக்கு அந்தாண்ட இவங்க இருக்காங்க! நான் யார் மேல சார் கேஸ் போடறது?"

எஸ்தர் மெல்லத் திரும்பினாள். "உனுக்குமா வட்டம் போட்டான்?"

"ஆமாங்கா."

"இந்த விரல்லயா?"

"அதே விரல்தான்கா. மோதிரம் கூட போட்டிருந்தான்."

ஒரே சிம்மாசனத்துக்கு இரண்டு ராஜா! கமிஷனர் தலையைக் குனிந்துகொண்டு எதையோ மும்முரமாக எழுதினார். அவர் தோள் குலுங்கியது.

"பெங்களூர் வேலைய ஏன்பா விட்ட?" என்று எஸ்தர் கேட்டாள். வழக்கைப் பற்றி இல்லாமல் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கொழந்தை என்ன 'அங்கிள்'னு கூப்ட ஆரம்பிச்சிடுச்சிக்கா."

கார் வந்து சேர்ந்தபோது அதன் மீட்டரில் ஒரு சின்ன சுற்றுலாவுக்கான தூரம் ஓடியிருந்தது. அதை வைத்து வழக்காட முடியாது என்று வக்கீலுக்கே தெரிந்தது. கமிஷனரின் நேர்க்கோடு மூன்றுக்கு நன்றாகவே உள்ளே இருந்தது. அந்த நேரத்தில் எஸ்தரும் கௌதமனும் கம்பெனியின் சட்னி பாக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஃபினாயில் வாசனை அடிக்கிறது என்பதில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் முழு உடன்பாடு.

அடுத்த வாய்தாவில் கௌதமன் எழுந்து, தன்னையும் வாதியாகச் சேர்க்க வேண்டும் என்று மனு கொடுத்தான். மனுவை எழுதியது நான். மழை இல்லாமல்.

ஜட்ஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன தடவை இவர் மேலதானே நீங்க கேஸ் போட்டீங்க?"

"ஆமாம் மேடம்."

"இப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கமா?"

"ஒரே ஸ்கூட்டரில் வந்தோம் மேடம்."

அவர் கம்பெனி வக்கீலிடம் திரும்பி, வட்டம் வரையும்போது காம்பஸ் ரோட்டைப் பார்த்தா போகும் என்று கேட்டார். வக்கீல், சமரசத்துக்கு அவகாசம் வேண்டும் என்றார். வழக்கு, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்கிற லோக் அதாலத்துக்குப் போனது.

லோக் அதாலத் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்திய நேரம் மாதிரி இருக்கும். எங்கும் மேஜை, எங்கும் கூட்டம். செக் கேஸ், பாகப் பிரிவினை, விபத்து, எங்கள் கொழுக்கட்டை. கம்பெனியிலிருந்து கோட் போட்ட ஓர் அதிகாரி வந்திருந்தார். எங்களை மட்டும் தனியாக மேஜைக்குக் கூப்பிட்டார்கள். எஸ்தரையும் உட்காரச் சொன்னார்கள்.

அதிகாரி தேனாகப் பேசினார். "தப்பு எங்க மேனேஜரோடது. உங்க கடைதான் முதல். அதனால நீங்க கேட்டதையே செஞ்சுடறோம். அந்த ரெண்டாவது கடைய மூடிடறோம். நீங்க கேஸ வாபஸ் வாங்கிக்குங்க."

யோசித்துப் பாருங்கள். நாங்கள் மனுவில் கேட்டது அதைத்தான். வரிக்கு வரி அதையேதான். இத்தனை வாய்தா, இத்தனை லீவு, நான்கு முறை எழுதிய மனு... எல்லாம் பலித்துவிட்டது. வக்கீல் வைக்காமல் முழு வெற்றி! என் கை தானாகவே பேனாவுக்குப் போனது.

"பேனாவ வைங்க" என்றாள் எஸ்தர்.

வைத்தேன்.

அவள் பார்த்தது அந்த அதிகாரியை இல்லை. கதவுக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த கௌதமனை. எங்களை மட்டும் கூப்பிட்டது எதற்கு என்று அவனுக்குப் புரிந்துவிட்டிருந்தது. போனை எடுத்துப் பார்ப்பதும் பையில் போடுவதுமாக இருந்தான்.

"அவன் கடைய மூடினா அவன் எங்க போவான் சார்?"

"அது கம்பெனிக்கும் அவருக்கும்..."

"காலைல ட்ரெயினுக்குப் போவான். எனக்குத் தெரியும். நான் நின்னுகினே போனவ. இப்ப ஒக்காந்துகினு பொழைக்கறேன். நான் ஒக்கார்றதுக்கு இன்னொருத்தன நிக்க வெச்சா அது நல்லா இருக்குமா சார்?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதே ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

எனக்கும் அதே சந்தேகம்தான். இதுவரை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரையும் விட்டுடச் சொல்லுங்கம்மா. உங்க பேரு வேணாம் சார், உங்க சட்னி வேணாம், பலகைய நீங்களே எடுத்துக்கினு போங்க. நாங்க எங்க பேர்ல வியாபாரம் பண்ணிக்கறோம். கண்டிஷன் கிண்டிஷன்னு பின்னால வந்து நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

அதிகாரி வெளியே போய் பெங்களூருக்குப் பேசினார். ரொம்ப நேரம் பேசினார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பேசினார். திரும்பி வந்தபோது, ஸ்டீமரை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். எழுதினார்கள். மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டோம். கௌதமன் போட்ட அவசரத்தில் அவன் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்துவிட்டது. அடித்துவிட்டு எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்து.

வெளியே வந்ததும் எஸ்தரைக் கேட்டேன்: "என்கிட்ட முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க அத ரெண்டு பக்கத்துக்கு எழுதிக்கினு வந்திருப்பீங்க" என்றாள்.

இப்போது இரண்டு கடைகளும் ஓடுகின்றன. கறியும் மைதாவும் இரண்டு பேரும் சேர்ந்தே வாங்குகிறார்கள். சட்னி எஸ்தர் அரைப்பது. மேட்டைச் சுற்றிக்கொண்டு தினமும் ஒரு தூக்கில் அங்கே போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சர்ச்சுக்குப் போகும்போது வருகிற கூட்டத்தை அவன் பார்த்துக்கொள்கிறான். புத்த பூர்ணிமா அன்று அவன் குடும்பத்தோடு விகாரைக்குப் போனான். அன்றைக்கு அவன் கடையில் உட்கார்ந்தது நான். யாருக்கு எத்தனை பிளேட் கொடுத்தேன் என்று இன்றுவரை கணக்கு நேராகவில்லை. அதற்காக அவன் என் மேல் வழக்குப் போடவில்லை.

என்னிடம் சட்ட ஆலோசனை கேட்டு வருகிற எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்குப் போகலாம், தப்பில்லை. எதிராளி இல்லாமல் மட்டும் போகாதீர்கள்!